ஒரே டிஎன்ஏ... சில செல்கள் மட்டும் தசையாவது எப்படி? தசைச்சிதைவு மருந்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நாமக்கல் என்றாலே முட்டைதான். ஆனால் நாம் கடையில் வாங்கும் முட்டை பொரிக்காது. சேவல் இல்லாத கூண்டில் கோழி இடும் முட்டை அது. குஞ்சு பொரிப்பகத்துக்குப் போகும் கருமுட்டை வேறு. அதை இன்குபேட்டரில் வைத்தால் 21 நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும்.

ஒரே ஒரு செல்லில் தொடங்கிய கரு அது. அதில் சில செல்கள் இறகாகின்றன, சில மூளையாகின்றன, சில நெஞ்சுத் தசையாகின்றன. இத்தனைக்கும் எல்லா செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். அப்படின்னா, 'நீ தசையாகு' என்று ஒரு செல்லுக்கு யார் சொல்வது?

ஹிஸ்டோன் என்றால் என்ன?

மனித செல் ஒன்றில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். கண்ணுக்கே தெரியாத செல்லுக்குள் அது அடங்க வேண்டுமே! அதனால், தார்க்குச்சியில் நூல் சுற்றுவது போல 'ஹிஸ்டோன்' என்ற புரதங்களின் மீது அது சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

சுற்று இறுக்கமாக இருந்தால் அந்த இடத்தில் உள்ள மரபணு வேலை செய்யாது. தளர்ந்தால் வேலை செய்யும்.

இறுக்குவது யார்? தளர்த்துவது யார்?

இந்த வேலையைப் பார்ப்பவை சில நொதிகள், அதாவது என்சைம்கள்.

* பி300 போன்ற நொதிகள் ஹிஸ்டோனில் 'அசிட்டைல்' என்ற குறியை ஒட்டும். சுற்று தளரும்.

* 'எச்டிஏசி' வகை நொதிகள் அந்தக் குறியை எடுத்துவிடும். சுற்று மீண்டும் இறுகும்.

* 'இஇசட்எச்2' என்ற நொதி 'மெத்தில்' குறியை ஒட்டி, நேரம் வரும்வரை தசை மரபணுக்களைப் பூட்டியே வைக்கும். தசையாக மாறும் கட்டத்தில் இதன் அளவு குறையும்.

1987-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஹரால்ட் வெயின்ட்ராப் குழுவினர் 'மையோடி' என்ற மரபணுவைக் கண்டுபிடித்தனர். எலியின் இணைப்புத் திசு செல்லில் அதைச் செலுத்தியதும், அந்த செல் தசை செல்லாகவே மாறியது! ஆனால் மையோடி தனியாளாக ஜெயிப்பதில்லை. பி300 போன்ற நொதிகள் சுற்றைத் தளர்த்திக் கொடுத்தால்தான் தசை மரபணுக்கள் முழுதாக வேலை செய்யும்.

சேலத்துக்கும் இதற்கும் என்ன?

தசைச்சிதைவு நோயின் வலி சேலத்துக்குப் புதிதல்ல. இந்நோயால் பாதிக்கப்பட்ட சகோதரிகளான வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும், தங்களைப் போன்றவர்களுக்காக சேலத்தில் 'ஆதவ் அறக்கட்டளை'யைத் தொடங்கியவர்கள்.

இந்நோயில் பல வகை உண்டு. அதில் 'டுஷேன்' வகை பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத்தான் தாக்கும். 'டிஸ்ட்ரோஃபின்' என்ற புரதம் இல்லாததால் தசை நார்கள் திரும்பத் திரும்பக் கிழியும். நல்லா ஓடிக்கொண்டிருந்த பிள்ளை மாடிப்படி ஏறத் திணறும். பிறகு சக்கர நாற்காலி.

கிழிந்த தசையைச் சரிசெய்ய, தசையிலேயே 'சாட்டிலைட் செல்' என்ற இருப்பு செல்கள் காத்திருக்கும். ஆனால் டுஷேன் நோயில் எச்டிஏசி நொதிகள் அளவுக்கு மீறி வேலை செய்வதால், சீரமைப்புக்கான மரபணுக்கள் அடங்கிப் போகின்றன. தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்கின்றன.

புது மருந்து என்ன செய்கிறது?

எச்டிஏசி நொதியைக் கட்டுப்படுத்தும் 'கிவினோஸ்டாட்' என்ற வாய்வழி மருந்துக்கு, 2024 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி தந்தது. 6 வயதும் அதற்கு மேலும் உள்ள டுஷேன் நோயாளிகளுக்கானது இது. 179 சிறுவர்களிடம் நடந்த 18 மாத ஆய்வில், 4 படிகள் ஏறும் திறன் இம்மருந்து எடுத்தவர்களிடம் மெதுவாகவே குறைந்தது.

கவனிக்க வேண்டியது: இது நோயைக் குணமாக்கும் மருந்தல்ல, வேகத்தைக் குறைப்பது மட்டுமே. வயிற்றுப்போக்கு, ரத்தத் தட்டணுக்கள் குறைவது, ட்ரைகிளிசரைடு கொழுப்பு கூடுவது போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. மற்ற வகை தசைச்சிதைவுக்கு இதற்கு அனுமதி இல்லை.

பெற்றோர் என்ன செய்யலாம்?

குழந்தை அடிக்கடி விழுந்தாலோ, கையை முழங்காலில் ஊன்றி எழுந்தாலோ, கெண்டைக்கால் வழக்கத்தைவிடப் பெருத்திருந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் சிகே அளவும், மரபணுப் பரிசோதனையும் நோயைக் காட்டிக்கொடுக்கும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று என்பதால், அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.