மலையும் சமவெளியும்: அமெரிக்க மதுரை மிஷனும் உபதேசியார் பயிற்சியும்

அமெரிக்க மதுரை மிஷன் 1834ஆம் ஆண்டு மதுரையில் தன் பணியைத் தொடங்கியது. வெப்பமும் நோயும் தொடக்ககால மிஷனரிக் குடும்பங்களில் பல உயிர்களைப் பறித்தன. எனவே 1845இல் அவர்கள் பழனிமலைத் தொடரின் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு பங்களாக்களை எழுப்பினர். இன்றைய நகரின் வரலாறு இவற்றிலிருந்தே தொடங்குகிறது.

அதே 1845இல், திருமங்கலத்தில் 1842 முதல் இயங்கிவந்த இம்மிஷனின் செமினரி பசுமலைக்கு இடம்பெயர்ந்தது. தமிழ் இளைஞர்கள் அங்கு உபதேசியார்களாகவும் ஆசிரியர்களாகவும் பயிற்சி பெற்றனர். அயல்நாட்டு மிஷனரி முதலில் தமிழைக் கற்க வேண்டியிருந்தது; உபதேசியாருக்கோ அது தாய்மொழி. அவர் கற்க வேண்டியிருந்தது வேதத்தையும் அதனை எடுத்துரைக்கும் முறையையுமே.

இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்குதல் வேண்டும். மிஷனரி கோடையில் மலையேறியபோதும் சிற்றூர்ச் சபைகளின் அன்றாட வழிபாடும் பள்ளியும் உபதேசியார் பொறுப்பிலேயே இருந்தன. பங்களாக்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. உபதேசியார் பலரின் பெயர்கள் பொதுவரலாற்றில் இடம்பெறவில்லை. ஆகவே, நற்செய்தியைப் பகிரக் கற்றோரின் வரலாற்றைக் கொடைக்கானலிலிருந்து அன்று, பசுமலையிலிருந்தே எழுதத் தொடங்குதல் தகும்.