பொருக்கு காக்கிறதா, தடுக்கிறதா?

புண்ணைக் காற்றாட விட்டு உலர வைத்தால் விரைவில் ஆறிவிடும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. கிருமிகளுக்கு அஞ்சிய மருத்துவர்களும் ஈரத்தை விரும்பவில்லை. இந்த நம்பிக்கையை 1962-இல் அசைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜார்ஜ் விண்டர். இளம் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத புண்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார். சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடிய புண்களில் புதிய மேல்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்ந்தது!

திறந்த புண் உலர்ந்து பொருக்குத் தட்டுகிறது. மேல்தோல் செல்களோ ஈரமான, உயிருள்ள திசுவின் மீதுதான் ஊர்ந்து செல்லும். ஆகவே பொருக்குக்கு அடியில் ஆழமாக வழி தேட வேண்டியதாகிறது. ஈரம் காக்கப்பட்டால் நேராகவே படர்ந்துவிடுகின்றன. மறு ஆண்டே ஹின்மன், மைபாக் இருவரும் மனிதத் தோலிலும் இதனைக் கண்டனர்.

ஆனால் விண்டர் ஆராய்ந்தவை புதிய புண்கள். மாதக்கணக்கில் ஆறாத கால் புண்ணுக்கு ஈரம் மட்டும் போதாது. புண்ணுக்குக் காரணம் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். சிரைகளில் இரத்தம் தேங்கியதால் வந்த புண்ணை ஆற்றுவதில் பெரும்பங்கு, காலை அழுத்திச் சுற்றும் கட்டுக்கே உரியது. தமனி அடைபட்ட காலுக்கோ அதே இறுக்கம் பேராபத்து. கசிவு மிகுந்த புண்ணுக்கு, கடற்பாசியிலிருந்து செய்த ஆல்ஜினேட் போன்ற உறிஞ்சும் கட்டு ஏற்றது. இரத்தம் எட்டாமல் கருகி உலர்ந்த கால்விரலைப் பெரும்பாலும் உலர்வாகவே விட்டுவைக்கின்றனர்.