ஊரில் திரிவதும் குப்பியில் உறைந்ததும்

விழுப்புரம் மாவட்டத்தில் ஒன்றரை மாதக் குழந்தையின் வயிற்றுக்குள் இரண்டு ரோட்டா வைரஸ்கள் வந்து சேரக்கூடும். ஒன்று, எவரும் அழைக்காமல் வருவது: அண்ணன் அக்காவின் கையிலோ, பால் பாட்டில் ரப்பரிலோ, தவழும் தரையிலோ ஒட்டிக்கொண்டு. மற்றது, புதன்கிழமை தடுப்பூசி நாளில் கிராம சுகாதார செவிலியர் எண்ணி விடும் ஐந்து சொட்டில் வருவது. இரண்டும் உயிருள்ளவை, இரண்டும் வாய்வழி இறங்குபவை, இரண்டும் சிறுகுடலில் பெருகுபவை. ஒன்று குழந்தையை வார்டில் படுக்க வைக்கிறது; மற்றது அந்தப் படுக்கையைத் தவிர்க்கவென்றே கொடுக்கப்படுகிறது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

முதலாவது மாறிக்கொண்டே இருக்கிறது. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ குழந்தையைத் தூக்கிவரும் தாய் சொல்வது என்னவோ என்றும் ஒன்றுதான். முதல் நாள் வாந்தி, பிறகு தண்ணீர் தண்ணீராகப் பேதி. உச்சிக்குழி உள்வாங்கிவிட்டது, அழுதாலும் கண்ணீர் வரவில்லை. ஆனால் இதே அறிகுறிகளுக்குப் பின்னால் இருக்கும் வகை வேறாகிவிட்டது. 2012 முதல் 2016 வரை இந்திய மருத்துவமனைகளில் நடந்த கண்காணிப்பில் ஜி1பி[8] என்ற வகையே முதலிடத்தில் இருந்தது. தடுப்பு மருந்து வந்த பிறகான ஆண்டுகளில் அந்த இடத்தை ஜி3பி[8] பிடித்தது. ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் மட்டும் இரண்டுக்கும் பொது.

இரண்டாவது மாறவே இல்லை. 1985-86இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், பிறந்த சில நாளே ஆன ஒரு குழந்தையின் மலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட 116இ என்ற வைரஸ்தான் அது. அங்கே தொற்றுக்கு ஆளான குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கே இல்லை. பின்னாளில் கடுமையான ரோட்டா நோய் அவர்களுக்குக் குறைவாகவே வந்ததையும் எம்.கே. பான் தலைமையிலான குழு கண்டது. அந்த வைரஸே ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்த ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்தானது. 2016இல் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் நுழைந்து, 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது.

ஆக, ஒன்று ஓடுவது, மற்றது நிற்பது என்று பிரித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் 116இ-யின் பிறப்பைப் பார்த்தால் அந்தப் பிரிவினை நிலைக்காது. ரோட்டாவின் மரபுப்பொருள் 11 தனித்தனித் துண்டுகளாக இருப்பதால், இரண்டு வகைகள் ஒரே செல்லுக்குள் புகுந்தால் துண்டுகள் இடம் மாறிச் சேர்ந்து புதிய வகை பிறக்கிறது. ஊரில் திரியும் வகைகள் மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 116இ பிறந்ததும் இதே வழியில்தான். அதன் 10 துண்டுகள் மனித ரோட்டாவுடையவை, ஒன்று மாட்டினுடையது. ஆய்வகத்தில் எவரும் கலக்காமல் இயற்கையே செய்த கலவை அது. எந்த மாற்றத்தைக் கண்டு அஞ்சுகிறோமோ, அதே மாற்றம் பெற்ற பிள்ளையைத்தான் குழந்தையின் வாயில் சொட்டாக விடுகிறோம்.

இதற்குக் கண்ணாடிப் பிம்பம் போன்ற ஒன்று பெங்களூரில் கிடைத்தது. அங்கும் நோய் அறிகுறியற்ற பச்சிளம் குழந்தைகள். அங்கும் மாட்டு வைரஸின் சேர்க்கை. ஆனால் ஐ321 என்ற அந்த வகையில் கணக்கு தலைகீழ்: 9 துண்டுகள் மாட்டினுடையவை, இரண்டே மனிதருடையவை. இரண்டையும் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது 116இ-க்கே நோயெதிர்ப்பு நன்றாக எழுந்தது, ஐ321 பின்தங்கியது. கொட்டிலும் வீடும் ஒட்டியே இருக்கும் நம் ஊர்களுக்கு, மாடும் மனிதரும் கலந்த வைரஸ் என்பது தொலைவுச் செய்தியாகத் தோன்றாது.

உறவு இருக்கட்டும், தோற்றத்தில் இவை எவ்வளவு விலகியவை என்பதும் வியப்பே. வைரஸின் வெளிப்புறத்தில் இருக்கும் இரண்டு புரதங்களை வைத்தே ஜி என்றும் பி என்றும் வகைப்படுத்துகிறார்கள். 116இ என்பது ஜி9பி[11]. முன்பு பரவிய ஜி1பி[8]-உடனோ பின்னர் பரவிய ஜி3பி[8]-உடனோ இரண்டு எழுத்திலும் அதற்குப் பொருத்தம் இல்லை. இன்ஃபுளுவென்சா வைரஸ்களைப் பார்த்துப் பழகியவர், இந்த மருந்து வேலை செய்யாது என்றே முடிவு கட்டியிருப்பார். ஆனால் டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு 53.6 சதவீதம் குறைவதைக் காட்டியது. மேலுறை பொருந்தாமலே பாதுகாப்பு கிடைக்கிறது. முழுப் பாதுகாப்பல்ல, ஆனால் பரவும் வகை ஒன்று போய் இன்னொன்று வந்தால் அதோடு பயனற்றுப் போகும் பாதுகாப்பும் அல்ல.

ஜி1 குறைந்து ஜி3 ஓங்கியது சொட்டு மருந்தின் விளைவா? கேள்வி நியாயமானது. 2006இல் பிரேசில் ஜி1பி[8] அடிப்படையிலான ரோட்டாரிக்ஸ் என்ற தடுப்பு மருந்தைக் கொண்டுவந்ததும் ஜி2பி[4] ஓங்கியபோது மருந்தின் மீதே பழி விழுந்தது. மருந்து சேராத அண்டை நாடுகளிலும் அதே வகை அப்போது பரவிக்கொண்டிருந்தது தெரிந்ததும் பழி தளர்ந்தது. ஆஸ்திரேலியாவில் கதை சற்று வேறு: ஒரு மாநிலத்துக்கு ஒரு மருந்து என்று பிரித்துக் கொடுத்தபோது, மாநிலத்துக்கு மாநிலம் ஓங்கிய வகையும் வேறுபட்டது. நம்மிடம் கொடுப்பதோ இரண்டு வகைகளுக்கும் பொருந்தாத 116இ. அது ஜி1-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து விரட்டியது என்பதற்குக் காரணம் தேடுவது கடினம். ரோட்டா வகைகள் தாமாகவே ஏறி இறங்குபவை என்ற விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது.

இன்னொரு கணக்கையும் மறக்கலாகாது. முன்பு நூறு ரோட்டா குழந்தைகளில் பத்துப் பேருக்கு ஜி3 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் இருபதாகக் குறைந்து, அதே பத்துப் பேருக்கு ஜி3 இருந்தால் அதன் பங்கு பத்திலிருந்து ஐம்பது சதவீதமாகிவிடும். நோயுற்ற குழந்தை ஒன்றுகூட அதிகரித்திருக்காது. வகைப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது படையெடுப்பு. வார்டுப் பதிவேட்டைப் பார்ப்பவருக்கு அது நல்ல செய்தி. பங்கையும் எண்ணிக்கையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஊரில் திரியும் வைரஸையும் மருந்து வைரஸையும் பிரித்தறியும் வேலை ஆய்வகத்தில் நடக்கிறது. டயாப்பரில் ஊறிப்போகும் முன் பிடித்த ஒரு கரண்டி நீர்மலம், குளிர்பெட்டியில் வந்து சேர்கிறது. முதலில் எலிசா சோதனை: நிறம் மாறினால் ரோட்டா உண்டு. பிறகு பி.சி.ஆர். செய்து ஜெல் தகட்டில் ஓடவிட்டால், புற ஊதா ஒளியில் பட்டைகள் தெரிகின்றன. எந்த உயரத்தில் பட்டை நிற்கிறதோ அதுவே வகையைச் சொல்கிறது. முதல் சோதனைக்கு ஊரில் திரிவதும் குப்பியிலிருந்து வந்ததும் ஒன்றே. சொட்டு விட்ட சில நாட்களுக்குள் வேறு காரணத்தால் பேதியான குழந்தையின் மலத்தில் மருந்து வைரஸே தென்படலாம். மேலே சொன்ன 6,799 குழந்தைகளின் ஆய்வும், மருந்து வைரஸைக் கழித்துவிட்டு மற்ற ரோட்டாவால் வந்த நோயை மட்டுமே கணக்கில் எடுத்தது. ஆகவே தடுப்பூசி அட்டையில் உள்ள தேதியும் மாதிரியோடு சேர்ந்து ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.