அளவுகோல் மாறிய வரலாறு

ஒரு கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கலைஞர்களின் பெயர்களிலிருந்து தொடங்குவது மரபு. இணையக் காணொளியின் வரலாற்றை அவ்வாறு எழுதினால் பெரும்பகுதி விளங்காமலே போய்விடும். ஒரு காணொளி எத்தனை நிமிடம் ஓட வேண்டும், எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்பவற்றைத் தீர்மானித்தவர் வேறு; அதைப் படைத்தவர் வேறு. ஆகவே, தளங்கள் கையாண்ட அளவுகோலையே நாம் இங்குப் பின்தொடர்கிறோம்.

பேபால் நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவித் கரீம் ஆகிய மூவர் 2005 பிப்ரவரியில் யூடியூபைத் தொடங்கினர். சான் டியாகோ விலங்கியல் பூங்காவில் யானைகளின் முன் நின்று கரீம் பேசும் 19 வினாடிக் காட்சி ஏப்ரல் 23 அன்று ஏற்றப்பட்டது. அதுவே அத்தளத்தின் முதற்காணொளி. (வங்கதேசத் தந்தைக்கு ஜெர்மனியில் பிறந்த இவரது பெயர் நம் வாசகருள் பலர் செவிக்கு எட்டியிராது.) 2006 அக்டோபரில் 165 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து அந்நிறுவனத்தை வாங்கக் கூகுள் உடன்பட்டது.

அவ்வாண்டு மார்ச்சிலேயே முதல் அளவுகோல் வந்துவிட்டது. பொதுப் பயனர் ஏற்றும் காணொளி 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பிறர் தயாரித்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை முழுமையாக ஏற்றுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். அப்படியும் வழக்கு வந்தது. 2007இல் வயாகாம் நிறுவனம் 100 கோடி டாலர் இழப்பீடு கோரித் தொடுத்த அவ்வழக்கு, 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது.

2007இல் விளம்பர வருவாயில் படைப்பாளருக்குப் பங்களிக்கும் திட்டம் தொடங்கியது. பொழுதுபோக்காக இருந்தது பிழைப்பாக மாறிய இடம் அதுவே. பார்வைகளின் எண்ணிக்கையே அப்போது முதன்மை அளவாக இருந்தமையால், உள்ளே இருப்பதற்குத் தொடர்பற்ற கவர்ச்சிப் படத்தை முகப்பில் ஒட்டி, சொடுக்க வைத்துப் பொருள் ஈட்டியவர் பலர். 2012இல் தளம் அளவுகோலை மாற்றிற்று. எத்தனை பேர் திறந்தனர் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதே பரிந்துரைக்கு முதன்மைத் தகுதியாயிற்று. ஏமாற்று முகப்புகளுக்கு இது நியாயமான மருந்து என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அடி விழுந்தது வேறு முதுகிலும். பல வாரங்கள் உழைத்து இரண்டு நிமிட அசைவூட்டப் படம் வரைந்தவர் பின்தள்ளப்பட்டார். விளையாட்டுத் திரையின் முன் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தவர் முன்னேறினார். 10 நிமிடம் கடந்த காணொளியின் இடையிலும் விளம்பரம் செருகலாம் என்ற விதி வேறு சேர்ந்துகொள்ளவே, மூன்று நிமிடச் செய்தியைப் பதினொரு நிமிடமாக இழுக்கும் வழக்கம் வேரூன்றியது. ஒரு காலத்தில் உச்சவரம்பாக இருந்த அதே 10 நிமிடம் கீழ்வரம்பாகிப்போன விந்தையை என்னென்பது! 2020 ஜூலையில் அது 8 நிமிடமாகக் குறைந்தது.

2017இல், வெறுப்பைத் தூண்டும் காணொளிகளுடன் தம் விளம்பரங்கள் தோன்றுவதைக் கண்ட பெருநிறுவனங்கள் விலகின. அதன் பின்விளைவு சிறியவர் மீது இறங்கிற்று. ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் இல்லாதவர்க்கு வருவாய் இல்லையென 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோருள் 99 விழுக்காட்டினர் முந்தைய ஆண்டில் 100 டாலருக்கும் குறைவாகவே ஈட்டியவர் என்று தளம் விளக்கம் தந்தது. தொகை சிறிது என்பது கொடுப்பவரின் கணக்கு; பெறுபவரின் கணக்கு வேறாக இருக்கக்கூடும்.

இதற்கிடையே குறுங்காணொளி தலையெடுத்திருந்தது. ஆறு வினாடிக் காட்சிகளுக்கென 2013இல் வந்த வைன், 2017 ஜனவரியில் மூடப்பட்டது. 2018 ஆகஸ்டில் மியூசிக்கலியைத் தன்னுள் இணைத்துக்கொண்ட டிக்டாக், இந்தியச் சிற்றூர்கள் வரை பரவியது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்து, மூன்று வாரங்களில் நீக்கியது. கல்வான் மோதலுக்குப் பின், 2020 ஜூன் 29 அன்று, 59 செயலிகளுள் ஒன்றாக அதுவும் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அரசியல் காரணத்தின் தகுதியை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே. ஏறத்தாழ 20 கோடிப் பயனர் இருந்ததாக அக்காலச் செய்திகள் கூறின. அவர்களுள் ஆடியும் நடித்தும் நகைக்க வைத்தும் பெயர் பெற்ற எளியோரின் ஆக்கங்கள் ஓரிரு நாளில் அவர்களுக்கே எட்டாதவை ஆயின.

பக்தாதில் நூல்களைப் படியெடுத்து விற்ற வர்ராக்காகிய இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) தாம் அறிந்த நூல்களையெல்லாம் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் பட்டியலில் தொகுத்தார். அவற்றுள் மிகப் பல அழிந்தன. ஆயினும் பெயரேனும் எஞ்சியது. அந்தக் குறுங்காணொளிகளுக்கு அப்படியொரு பட்டியலாளர் வாய்க்கவில்லை.

காலியான இடத்தை மற்றவர் விரைந்து நிரப்பினர். 2020 ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் வந்தன. 2023 பிப்ரவரி முதல் ஷார்ட்ஸின் விளம்பர வருவாய் பொதுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, இசையுரிமைக்கான பங்கு கழிக்கப்பட்டபின், பார்வை விகிதப்படி படைப்பாளருக்கு ஒதுக்கப்படுகிறது. அவ்வொதுக்கீட்டில் 45 விழுக்காடே அவர் கைக்கு வருவது. நீண்ட காணொளிக்கு அது 55 விழுக்காடு.

2025 மார்ச் 31 முதல் இன்னொரு மாற்றம் வந்தது. ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கிய கணமே, எவ்வளவு நேரம் பார்த்தார் என்று நோக்காமல், அது ஒரு பார்வையாக எண்ணப்படுகிறது. விரல் தள்ளிவிட்டுப் போனாலும் எண் கூடும். பணம் மட்டும் பழைய கணக்கின்படியே வழங்கப்படுகிறது. ஆக, ஊர் காண ஓர் எண், ஊதியத்துக்கு வேறோர் எண்.