அம்மம்மா வீடு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் குடி தாய்வழியே வருவது. வீடு மகளுக்குச் சீதனமாகும். மருமகன் அங்கு வந்து வாழ்வான். ஆகவே பிள்ளைகள் அம்மம்மாவின் கண்முன்னே வளர்ந்தனர். எங்கள் அம்மம்மாவின் திண்ணையில் அயல்வீட்டுப் பிள்ளைகளும் உண்டு உறங்கினர்; கூலி எவரும் பேசியதில்லை.

1980களிலிருந்து இலங்கைப் பெண்கள் பெருந்தொகையாக மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்களாகச் சென்றனர். போரும் பல வீடுகளில் தந்தையரைப் பறித்தது. எஞ்சிய பிள்ளைகளைத் தாங்கியவை இத்தகைய திண்ணைகளே.

2013இல் அரசு, புறப்படும் தாயிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையிருந்தால் அனுமதியில்லை; 2022இல் அவ்வெல்லை இரண்டு வயதாயிற்று. மூத்த பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் ஒருவரைக் காட்டவேண்டும். பல வீடுகளில் அவர் அம்மம்மாவே. பொறுப்பு எழுத்தில் ஏறியது. அவருழைப்புக்கு ஊதியம் மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.