பெயரும் பதிவேடும்: ஆஸ்பெர்ஜர் என்ற பெயரை முன்வைத்து



பெயர் என்பது நமக்கு ஒருபோதும் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. ஊர் வைத்த பெயரை மறுக்கவும், தமக்கான பெயரைத் தாமே சூடிக்கொள்ளவும் நம் முன்னோர் மனு எழுதினார்கள், மாநாடு கூட்டினார்கள், பத்திரிகை நடத்தினார்கள். எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் 1922இல் 'ஆதி திராவிடர்' என்ற பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறியது. கருணையின் பெயரால் சூட்டப்பட்ட 'ஹரிஜன்' என்ற சொல்லையும் நாம் ஏற்கவில்லை. இந்த அனுபவத்தோடுதான் வியன்னா நகரத்திலிருந்து கிளம்பி உலகமெங்கும் மருத்துவச் சீட்டுகளில் ஏறிய ஒரு பெயரைப் பற்றி இன்று பேச இருக்கிறோம். அந்தப் பெயர் ஆஸ்பெர்ஜர்.

ஆட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் நாம் சொல்லும் நிலையில், பேச்சுத் திறனும் அறிவுத் திறனும் குறையாதவர்களை 'ஆஸ்பெர்ஜர் சிண்ட்ரோம்' உள்ளவர்கள் என்று மருத்துவம் அழைத்துவந்தது. அந்தப் பெயருக்குரியவர் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர். 1906இல் பிறந்து 1980இல் இறந்த ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர். அவருடைய கடந்த காலம் தெரியவந்த பிறகு, இந்தப் பெயரைக் கைவிட வேண்டுமா என்ற விவாதம் எழுந்தது. தொலைதூரத்து மருத்துவர்களின் விவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு மனிதக் கூட்டத்துக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்தப் பெயர் பதிவேட்டில் ஏறியபின் என்ன செய்கிறது என்ற கேள்விகள் இதற்குள் இருக்கின்றன. அவை நம்முடைய கேள்விகளும்தான்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். வியன்னா பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில் சிறப்புக் கல்வியையும் சிகிச்சையையும் இணைத்த ஒரு பிரிவு இருந்தது. 1930களின் நடுவில் ஆஸ்பெர்ஜர் அதன் பொறுப்புக்கு வந்தார். மருத்துவமனையின் தலைவர் ஃபிரான்ஸ் ஹாம்புர்கர் நாஜி. யூத மருத்துவர்களுக்கு அங்கே எதிர்காலம் இல்லாமல் போனது. அந்தப் பிரிவில் பணியாற்றிய ஜார்ஜ் ஃபிராங்கல், அன்னி வைஸ் ஆகிய இருவரும் அமெரிக்காவுக்குப் போக நேர்ந்தது. அவர்கள் போன இடத்தில்தான் இளைஞர் ஆஸ்பெர்ஜர் வளர்ந்தார். 1938இல் 'ஆட்டிஸ்டிக் சைக்கோபாத்' என்று சில பிள்ளைகளை வகைப்படுத்தி உரையாற்றினார். 1944இல் நான்கு சிறுவர்களை விவரித்து விரிவான ஆய்வுரையை வெளியிட்டார்.

அவருக்கும் முன்னால், 1925இலேயே, மாஸ்கோவில் குரூனியா சுகாரெவா என்ற பெண் மனநல மருத்துவர் இதே போன்ற ஆறு சிறுவர்களை நுணுக்கமாக விவரித்திருந்தார். 1926இல் அது ஜெர்மன் மொழியிலும் வந்தது. சோவியத் நாட்டு யூதப் பெண்ணின் பெயர் எந்த நோய்க்கும் சூட்டப்படவில்லை. யாருடைய பெயர் அறிவாகிறது, யாருடையது அடிக்குறிப்பாகக்கூட எஞ்சாமல் போகிறது என்பதை இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை.

ஆஸ்பெர்ஜரின் பெயரைக் கட்டுரைத் தலைப்பாக்கி ஆங்கில உலகுக்குப் பரவலாகக் கொண்டுசென்றவர் பிரிட்டன் மருத்துவர் லோர்னா விங். ஆண்டு 1981. அவர் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார். 'சைக்கோபாத்' என்ற சொல் வன்முறையாளர் என்ற பொருளைத் தந்தது. அந்தக் களங்கத்தைத் தவிர்க்க ஒரு மனிதரின் பெயரை வைத்தார். களங்கமான சொல்லுக்கு மாற்றாக வந்த பெயரே பிறகு களங்கமானது. 1990களில் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும், 1994இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலும் அது இடம்பெற்றது.

போருக்குப் பின் ஆஸ்பெர்ஜர் தன்னை நாஜிகளிடமிருந்து பிள்ளைகளைக் காத்தவராகவே முன்வைத்தார். அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை என்பது உண்மை. கட்சியைச் சார்ந்த பல அமைப்புகளில் சேர்ந்திருந்தார் என்பதும் உண்மை. 2018இல் வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக், வியன்னா ஆவணங்களைக் கொண்டு விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டு எடித் ஷெஃபரின் நூலும் வந்தது. காத்தவர் என்ற பிம்பம் அதற்குப்பின் நிற்கவில்லை.

வியன்னாவின் ஸ்டைன்ஹோஃப் மனநல மருத்துவமனை வளாகத்தில், 1940இல் 'அம் ஷ்பீகல்குருண்ட்' என்ற குழந்தைகள் நிலையம் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் எர்வின் யெகேலியுஸ், முன்பு ஆஸ்பெர்ஜரின் பிரிவில் பணியாற்றியவர். 1945 வரை அங்கே 789 குழந்தைகள் இறந்தார்கள். கொல்லும் முறை எளியது. தூக்க மருந்தைத் தொடர்ந்து கொடுப்பார்கள், உணவைக் குறைப்பார்கள், உடல் தளர்ந்து நுரையீரலில் சளி கட்டும். இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்று எழுதுவார்கள். குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றித் தகவல் தர வேண்டும் என்று 1939 ஆகஸ்டிலேயே மருத்துவர்களுக்கும் பிரசவம் பார்ப்பவர்களுக்கும் ஆணை போயிருந்தது. கொலை ஒரு படிவத்தில் தொடங்கியது.

1941 ஜூன் மாதம், ஹெர்த்தா என்ற மூன்று வயது நிரம்பாத சிறுமியை ஆஸ்பெர்ஜர் பரிசோதித்தார். நோய்த்தொற்றுக்குப் பின் அவளுடைய வளர்ச்சி தடைப்பட்டிருந்தது. ஆரோக்கியமான ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தாய்க்கு இவள் தாங்க முடியாத சுமை, நிரந்தரமாக ஷ்பீகல்குருண்டில் வைப்பது அவசியம் என்ற கருத்தில் குறிப்பு எழுதினார். செப்டம்பர் 2ஆம் தேதி, மூன்றாவது பிறந்தநாளுக்கு அடுத்த நாள், அவள் இறந்தாள். காரணம் நிமோனியா என்று பதிவானது. 1942இல் குகிங் மருத்துவமனைப் பிள்ளைகளை வகை பிரித்த குழுவில் ஆஸ்பெர்ஜரும் ஒருவர். 210 பேரில் 35 பேர் கல்விக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டார்கள். ஷ்பீகல்குருண்டுக்கு அனுப்பப்பட்ட அவர்கள் இறந்தார்கள்.

இதற்கு மறுப்பும் உண்டு. அமெரிக்க மானுடவியலாளர் டீன் ஃபால்க் 2019இல், ஆஸ்பெர்ஜர் கொலைக்குத் தெரிந்தே துணைபோனார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று வாதிட்டார். செக் அதற்கு ஆவணங்களைக் காட்டிப் பதில் எழுதினார். ஒரு மனிதரின் மனத்துக்குள் என்ன இருந்தது என்பதை வைத்து இந்த வழக்கை முடிக்க வேண்டியதில்லை என்று கருதுகிறோம். அவருடைய கையெழுத்து எங்கே இருந்தது என்பதே நம் கேள்வி. ஊசி போட்டவர் வேறொருவர். பிள்ளையை அங்கே அனுப்பும் குறிப்பை எழுதியவர் இவர். ஒடுக்குமுறை பெரும்பாலும் கொடூர முகத்தோடு வருவதில்லை. படித்த, கண்ணியமான, மென்மையாகப் பேசும் மனிதர் எழுதும் ஒரு வரிக் குறிப்பாக வருகிறது.

இனி விவாதத்துக்கு வருவோம். பெயரை நீக்க வேண்டும் என்பவர்களுக்கு முன்னுதாரணங்கள் உண்டு. மூட்டு நோய் ஒன்றுக்கு இருந்த 'ரைட்டர் சிண்ட்ரோம்' என்ற பெயர், ஹான்ஸ் ரைட்டர் நாஜி அரசின் சுகாதாரத் துறையில் உயர் பொறுப்பு வகித்தவர் என்பதாலும், புகன்வால்ட் வதைமுகாம் பரிசோதனைகளோடு தொடர்புடையவர் என்பதாலும் கைவிடப்பட்டது. 1942இல் அந்தப் பெயரைப் பரப்பிய இருவரில் ஒருவரான எஃப்ராயிம் எங்கல்மேனே பின்னாளில் அதை நீக்கப் போராடினார். 'வெகனர் கிரானுலோமடோசிஸ்' என்ற பெயரை, ஃபிரெட்ரிக் வெகனரின் நாஜித் தொடர்பு வெளிவந்தபின், 2011இல் மூன்று மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து மாற்றின.

எதிர்த்தரப்பில் இருப்பவர்களில் பலர் அந்தப் பெயரைச் சுமப்பவர்களே. பள்ளியில் கேலிக்கும் அடிக்கும் ஆளாகி, தன்னிடம் என்ன கோளாறு என்று தெரியாமல் தவித்த ஒருவருக்கு, நாற்பது வயதில் கிடைத்த பெயர் விடுதலையாக இருந்திருக்கிறது. அதைக் கொண்டு அமைப்பு கட்டினார்கள், ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். இழிசொல்லையே ஏந்தி நின்று அதன் பொருளை மாற்றிய வரலாறு நமக்கும் இருப்பதால் அவர்களை நாம் எளிதாகக் கடந்துபோக முடியாது.

மூன்றாவதாக ஓர் உண்மை உண்டு. அதிகாரப்பூர்வமாக அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. 2013இல் அமெரிக்கக் கையேடு அதை ஆட்டிசம் என்ற பொது வகைக்குள் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் அது இல்லை. ஆனால் காரணம் ஹெர்த்தா அல்ல. ஒரே மாதிரியான பிள்ளைக்கு ஒரு மையம் ஆஸ்பெர்ஜர் என்றும் இன்னொரு மையம் ஆட்டிசம் என்றும் எழுதியது. பன்னிரண்டு பல்கலைக்கழக மையங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், பிள்ளையின் தன்மையைவிட எந்த மையத்துக்குப் போனது என்பதே பெயரைப் பெரிதும் தீர்மானித்தது என்று தெரிந்தது. அதனால் பெயர் போனது. நீக்கியவர்கள் வரலாற்றுக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை. ஒரு பெயர் ஏன் நீக்கப்படுகிறது என்பதைப் பதிவுசெய்யாத நீக்கம், தீண்டாமைச் சுவரை இடித்துவிட்டுச் சாலை விரிவாக்கம் என்று கணக்கெழுதுவதைப் போன்றது. சுவர் போனது நல்லதுதான், ஆனால் குற்றம் பதிவாகாமல் போகிறது.

நம்மை அதிகம் உறுத்துவது இதைவிட ஆழமான ஒன்று. ஆஸ்பெர்ஜர் தம் நான்கு சிறுவர்களைப் பாதுகாத்தது உண்மையாகவே இருக்கலாம். எந்த வாதத்தால் பாதுகாத்தார்? இவர்களிடம் தனித்திறமை உண்டு, இவர்களால் சமூகத்துக்குப் பயன் உண்டு என்றார். பயன் உள்ளவர் வாழலாம் என்று சொல்லும்போதே, பயன் இல்லாதவர் என்ற பட்டியலும் பிறந்துவிடுகிறது. ஹெர்த்தா அந்தப் பட்டியலில் இருந்தாள். காத்த கையும் அனுப்பிய கையும் ஒரே அளவுகோலைத்தான் பிடித்திருந்தன.

இது நாஜிகளோடு முடியவில்லை. 1942இல் அமெரிக்காவில் ஃபாஸ்டர் கென்னடி என்ற நரம்பியல் மருத்துவர், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளைக் கொன்றுவிடலாம் என்று எழுதினார். அதை எதிர்த்து எழுதியவர் லியோ கானர். யூதர், 1943இல் ஆட்டிசத்தைத் தனி நிலையாக விவரித்தவர். அவருடைய எதிர்ப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர் வைத்த வாதங்களில் ஒன்றைப் பாருங்கள். கழிவுநீர் அகற்றுவதும் குழி தோண்டுவதும் தரை துடைப்பதும் சமூகத்துக்கு இன்றியமையாத வேலைகள், அவற்றைச் செய்ய இவர்கள் தேவை என்பது. காப்பாற்ற வந்தவரும் சாக்கடை வேலையைக் காட்டித்தான் காப்பாற்ற முடிந்தது. மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களின் உறவுகள் அமர்ந்திருக்கும் ஓர் அவையில் இந்த வாதம் எப்படி ஒலிக்கும் என்பதை நாம் அறிவோம்.

அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்றார். தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே அந்த ஏணியைத் தாங்குகிறது. 'என் பிள்ளைக்கு ஆட்டிசம் இல்லை, ஆஸ்பெர்ஜர்தான்' என்ற சொல்லில் அந்த ஏணியின் ஒரு படி இருக்கிறது. அப்படிச் சொல்லும் பெற்றோரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. பயத்தில் சொல்கிறார்கள். ஆனால் பேசாத பிள்ளை, கழிவறைக்குத் துணை தேவைப்படும் பிள்ளை, அந்தச் சொல்லால் இன்னும் ஒரு படி கீழே தள்ளப்படுகிறது.

பெயரை மாற்றினால் ஏணி உடையுமா? நம் மண்ணின் அனுபவம் ஒன்றைச் சொல்கிறது. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறந்த குழந்தையே குற்றவாளி என்று பதிவானது. விடுதலைக்குப் பிறகு சட்டம் போனது, 'சீர்மரபினர்' என்ற பெயர் வந்தது. ஆனால் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் வந்தன, காவல் நிலையத்தின் சந்தேகப் பார்வை தொடர்ந்தது. 'ஊனமுற்றோர்' என்ற சொல் 'மாற்றுத்திறனாளி' ஆனது. மதிப்பான மாற்றம். ஆனால் சாய்தளம் இல்லாத படிக்கட்டுகள் அப்படியே இருக்கின்றன. பெயர் மாற்றம் தேவை, அதோடு பதிவேடும் மாற வேண்டும்.

எனவே நம் நிலைப்பாட்டைச் சொல்கிறோம். ஆஸ்பெர்ஜர் என்ற பெயரை மருத்துவச் சீட்டிலும் பாடப்புத்தகத்திலும் மேடையிலும் இனிப் பயன்படுத்த வேண்டாம். கைவிடும்போது காரணத்தைச் சொல்லிக் கைவிட வேண்டும். மருத்துவம், உளவியல், சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்கு ஷ்பீகல்குருண்ட் பாடமாக வேண்டும். சுகாரெவாவின் பெயரும் அதில் வர வேண்டும், ஆனால் இன்னொரு நோயின் தலைப்பாக அல்ல. மனிதர்களின் நிலைக்கு மருத்துவரின் பெயரைச் சூட்டும் வழக்கமே நமக்கு வேண்டாம். தம்மை இன்றும் அந்தப் பெயரால் அழைத்துக்கொள்பவர்களிடம் வரலாற்றைச் சொல்வோம், கட்டளையிட மாட்டோம். தன்னை எப்படி அழைப்பது என்று முடிவு செய்யும் உரிமைக்காக நூறாண்டுக்கும் மேலாகப் போராடிவரும் நாம், இன்னொருவரிடமிருந்து அதைப் பறிக்க முடியாது.

ஷ்பீகல்குருண்டில் இறந்த குழந்தைகளின் மூளைகளைக் கண்ணாடிக் குடுவைகளில் வைத்து, ஹைன்ரிஹ் குரோஸ் என்ற மருத்துவர் போருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆய்வுக்குப் பயன்படுத்தினார். 1975இல் ஆஸ்திரிய அரசு அவருக்கு விருதும் கொடுத்தது. அந்த எச்சங்கள் 2002இல்தான் வியன்னா மத்திய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. அறுபது ஆண்டுகள் அந்தப் பிள்ளைகள் ஆய்வுப் பொருளாக மட்டுமே இருந்தார்கள். நோய்க்கு யார் பெயரை வைப்பது என்று விவாதிக்கும் இடங்களில் எல்லாம், அந்த 789 பிள்ளைகளின் எண்ணிக்கையையாவது முதலில் உரக்கச் சொல்லிவிட்டு விவாதத்தைத் தொடங்குவோம். பயன் பார்த்து உயிருக்கு மதிப்புப் போடும் எந்தப் பதிவேட்டையும், அது யார் கையில் இருந்தாலும், ஏற்க மறுப்போம்.

ஜெய்பீம்.