ஊறலுக்குக் காற்று வேண்டும், மெத்தனாலுக்கு எதுவும் வேண்டாம்

"கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு." பேப்பரில் அடிக்கடி வரும் செய்தி. கூடவே ஒரு போட்டோ: ஓடைக்கரையில் கவிழ்ந்து கிடக்கும் பேரல்கள், சுற்றி நிற்கும் போலீஸார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு இது படித்துப் படித்துப் பழகிப்போன செய்தி. ஆனால் ஊறல் என்றால் என்ன, அது எப்படிச் சாராயமாகிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் அத்தனை பேர் செத்தார்களே, அவர்களைக் கொன்றது இந்த ஊறல்தானா? விடை தேடப் போனால் பாதி கெமிஸ்ட்ரி, பாதி வரலாறு. நான் காமர்ஸ் மாணவன், கெமிஸ்ட்ரி நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்!

முதலில் ஊறல். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றைப் போட்டு நாள்கணக்கில் ஊறவிடுகிறார்கள். அதிலுள்ள ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. நுரைத்துக் குமிழி விடுவது அந்த வாயுதான். பிறகு அதைக் காய்ச்சி வடித்தால் சாராயம். பீர், கள், ஒயின் எல்லாவற்றுக்கும் முதல் பாதி இதேதான்.

நொதித்தல் என்பது உயிருள்ள ஈஸ்ட் செய்கிற வேலை என்று 1857-ல் பிரான்சின் லூயி பாஸ்டர் அழுத்தமாகச் சொன்னார். 1861-ல் இன்னொன்றையும் கவனித்தார். காற்று கிடைத்தால் ஈஸ்ட் வேகமாகப் பெருகுகிறது, ஆனால் தின்ற சர்க்கரைக்கு ஆல்கஹால் குறைவாகத் தருகிறது. காற்று இல்லாவிட்டால் நேர் எதிர். அப்படியானால் ஆல்கஹாலுக்குக் காற்றே வேண்டாமா என்றால், வேண்டும்! ஈஸ்ட் தன் செல்சுவரை ஒட்டியுள்ள சவ்வைக் கட்டிக்கொள்ள ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் தேவை. அதைத் தயாரிக்க ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. 1950-களில் நடந்த ஆராய்ச்சிகளில்தான் இது தெளிவானது. ஆரம்பத்தில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டால்தான் பிற்பாடு மூச்சில்லாமல் அது உழைக்க முடியும்.

பீர் காய்ச்சுபவர்களுக்கு இது பெரிய விஷயம். பார்லிச் சாறை (வோர்ட் என்பார்கள்) ஒரு மணி நேரம்போலக் கொதிக்க வைப்பதால் அதில் கரைந்திருந்த காற்றெல்லாம் வெளியேறிவிடும். அதனால் ஆறிய பிறகு பாத்திரத்தைக் குலுக்கியோ, சிறிய பம்பு வைத்தோ காற்றைத் திரும்ப ஏற்ற வேண்டும். 1978-ல் அமெரிக்கா வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதித்தபிறகு அங்கே இது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துவிட்டது. நம் ஊரில் அனுமதியில்லாமல் காய்ச்சினால் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம் பாயும். பனையில் கட்டிய கள் கலயத்துக்குக் குலுக்கலே தேவையில்லை. வாய் திறந்திருக்கிறது, காற்றும் ஈஸ்ட்டும் தானாக வருகின்றன. உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதிக்காமல் பதநீராகவே நிற்கும். இறக்கிய கள்ளை அப்படியே திறந்து வைத்தால் அதே காற்று அதைக் காடியாக்கிவிடும்.

ஊறல் என்பது ஓர் உயிரின் வேலை. அதற்குத் தண்ணீர் வேண்டும், சர்க்கரை வேண்டும், காற்று வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நாள் வேண்டும். வாசனை வேறு ஊரைக் கூட்டும். ஆகவே அதை ஒளித்து வைக்க இடமும் வேண்டும்.

இனி வரலாறு.

1886-ல் மதராஸ் அப்காரி சட்டம் வந்தது. கள்ளும் சாராயமும் அரசின் வருமானமாயின. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. கிழக்குப் பக்கம் தென்னாற்காடு. விட்ட வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. (காமர்ஸ் நண்பர்களே, நாம் பரீட்சைக்குப் படிக்கும் விற்பனை வரியின் பூர்வீகம் கள்ளுக்கடையில் இருக்கிறது!) 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் தளர்வு, 1974-ல் மறுபடி தடை, 1981-ல் மறுபடி திறப்பு, 1983-ல் டாஸ்மாக், 1987-ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003-ல் டாஸ்மாக்கே சில்லறைக் கடையும் நடத்தத் தொடங்கியது. வரி போனால் வேறு வரி வந்தது, கடை மூடினால் வேறு கடை திறந்தது. ஆனால் குறைந்த கூலிக்காரனுக்குக் கட்டுப்படியாகும் சரக்கு மட்டும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

அது போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று கல்வராயன் மலை. காடும் ஓடையும் இருந்தன, அரசுதான் தாமதமாக வந்தது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு சுதந்திரமடைந்து 29 வருடம் கழித்து, 1976-ல்தான் அரசு அதைக் கையில் எடுத்தது. ரோடும் வேலையும் மெதுவாக ஏறிய மலையில் ஊறல் பேரல் சீக்கிரம் ஏறியதில் என்ன ஆச்சரியம்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கொன்றது மெத்தனால். பழங்களில் உள்ள பெக்டின் நொதிக்கும்போது மெத்தனால் கொஞ்சம் வரும். வெல்ல ஊறலில் வருவது மிகமிகக் குறைவு, கூட்டம் கூட்டமாக ஆளைக் கொல்லுமளவு வராது. (அதனால் கள்ளச்சாராயம் நல்லது என்று அர்த்தமில்லை. பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று குடிப்பவனுக்குத் தெரியவே தெரியாது.) தொழிற்சாலை மெத்தனால் இயற்கை எரிவாயு அல்லது நிலக்கரியிலிருந்து தயாராவது. பெயிண்ட், பிளாஸ்டிக், மருந்துத் தொழில்களுக்குப் போவது. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும்.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தொழிற்சாலை மெத்தனால்தான் காரணம் என்று போலீஸே அறிவித்தது. அடுத்த வருடம் கருணாபுரம். 60-க்கும் மேற்பட்டவர்கள், மறுபடியும் மெத்தனால். எக்கியார்குப்பம் கடலோர ஊர், கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் மலை இல்லை. ஆனால் சாவுக்குப் பிறகு பேரல் தேடிப் போலீஸ் ஏறியது மலைக்கு!

ஊறல் அழிப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊறல் கண்ணில் படும், மூக்கில் ஏறும், ஒரு வாரம் ஓரிடத்தில் கிடக்கும். மெத்தனாலுக்கு ஓடை வேண்டாம், வெல்லம் வேண்டாம், காற்று வேண்டாம், நாளும் வேண்டாம். ஒரு லாரியும் ஒரு பில்லும் போதும். கலந்த அன்றே பாக்கெட்டில் போகும். இதைப் பிடிக்க வேண்டிய இடம் ஓடைக்கரை இல்லை. எந்தக் கம்பெனி எத்தனை லிட்டர் வாங்கியது, எத்தனை உபயோகித்தது, மீதி எங்கே என்று சொல்லும் ஸ்டாக் ரிஜிஸ்டர்தான்.

2024-ல் தண்டனையை ஆயுள்வரை கூட்டிச் சட்டம் திருத்தினார்கள். கருணாபுரம் வழக்கை சிபிஐ-க்கு மாற்ற உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மலை மக்களின் நிலைமை பற்றியும் தானாகவே வழக்கு எடுத்தது. நல்லதுதான். அடுத்தமுறை பேப்பரில் கவிழ்ந்த பேரல் போட்டோ வந்தால், அந்த மாதம் எத்தனை கம்பெனிகளின் மெத்தனால் கணக்கைச் சரிபார்த்தார்கள் என்ற செய்தியும் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.